சியாச்சினுக்கு எந்தப் பனி ஸ்கூட்டர்?

புது தில்லி: 1998-ம் ஆண்டு பாதுகாப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் பெர்னாண்டஸின் கவனத்துக்கு ஒரு கோப்பு வந்தது. சியாச்சின் வீரர்களுக்குப் பனி ஸ்கூட்டர் வாங்குவதற்கான அந்தக் கோப்பு, நிதி தொடர்பான ஆட்சேபங்களால் தில்லியில் முடங்கிக் கிடந்தது. தாமதத்துக்குக் காரணமான அதிகாரிகள் சியாச்சினுக்கே சென்று நிலைமையை நேரில் கண்டு வரவேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். தலைநகரின் அதிகார வட்டாரங்களில் இன்றும் நினைவுகூரப்படும் நிகழ்ச்சி இது.

கோப்பு நகர்ந்துவிட்டால் மட்டும் பிரச்னை தீர்ந்துவிடாது. வாங்கப்படும் வாகனம் அந்த உயரத்துக்கு ஏற்றதுதானா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

1984 ஏப்ரல் 13-ல் தொடங்கிய "மேகதூத்' நடவடிக்கை முதல் சியாச்சின் இந்திய ராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. சுமார் 75 கி.மீ. நீளமுள்ள இப் பனியாற்றில் சாலை கிடையாது. சால்டோரோ மலைமுகட்டில் உள்ள காவல் நிலைகள் பல, 18 ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளன. அங்கு ஹெலிகாப்டர்தான் உயிர்நாடி. வானிலை மோசமானால் அதுவும் பறக்காது. அப்போது பனியாற்றின் சமதளப் பகுதியில் உணவு, மண்ணெண்ணெய், மருந்து ஆகியவற்றைக் கொண்டு செல்ல முன்புறம் சறுக்குக் கட்டைகளும் பின்புறம் ரப்பர் பட்டையும் கொண்ட பனி ஸ்கூட்டர்கள் கைகொடுக்கின்றன.

உயரம் விழுங்கும் திறன்

இந்த வாகனங்களை விற்கும் நிறுவனங்கள் முதலில் குறிப்பிடுவது குதிரைத் திறனைத்தான். வேலைக்கான சிறிய வாகனம் 60 குதிரைத் திறன் கொண்டது. மலைச்சரிவுகளுக்கான பெரிய வாகனம் 160-ஐத் தாண்டும். ஆனால், பொதுவாக இந்த எண்கள் கடல்மட்ட அளவிலான காற்றை வைத்துக் கணக்கிடப்படுபவை.

எரிபொருள் எரிவதற்குக் காற்று வேண்டும். உயரே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைகிறது. சாதாரண என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கிறது. கடல்மட்டத்தில் 100 குதிரைத் திறன் தரும் என்ஜின், சுமார் 8,700 அடி உயரத்தில் உள்ள குல்மார்கில் 75 அளவில்தான் தரும். 18 ஆயிரம் அடியில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இதற்கு மாற்றாக வந்தது, காற்றை அழுத்திச் செலுத்தும் "டர்போ' அமைப்பு. கனடாவின் ஸ்கி-டூ நிறுவனம் 2020-ல் அறிமுகப்படுத்திய டர்போ வாகனம், 8 ஆயிரம் அடி வரை தனது 165 குதிரைத் திறனைக் குறையாமல் தரும் என அறிவிக்கப்பட்டது. அந்த எல்லையுடன் ஒப்பிட்டால் சியாச்சின் நிலைகள் இரண்டு மடங்குக்கும் அதிக உயரத்தில் உள்ளன.

வேகமா, இழுவையா?

திறன் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகும் என்று எண்ணுவது தவறு. அதிவேகத்தில் காற்றின் எதிர்ப்பு பன்மடங்கு பெருகுவதால், இரு மடங்குத் திறன் உச்ச வேகத்தைக் கால் பங்கு அளவுக்கே உயர்த்தும். தவிர, மணிக்கு 150 கி.மீ. வேகத்தால் பனியாற்றில் எந்தப் பயனும் இல்லை. புதுப்பனி மூடிய ஆழமான வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேகமே ஆபத்தாக முடியும்.

அங்கு தேவைப்படுவது இழுவைத் திறன். இறுகிய பனிப்பாதையில் ஓடும் வாகனத்தின் பட்டை சுமார் 130 அங்குல நீளம் கொண்டது. ஆழ்ந்த புதுப்பனிக்கான வாகனத்தில் அது 150 அங்குலத்தைத் தாண்டும். பட்டையில் உள்ள துடுப்புகளும் உயரமாக இருக்கும். சுமை வண்டியை இழுக்க 20 முதல் 24 அங்குல அகலப் பட்டையும், குறைந்த வேகத்தில் அதிக விசை தரும் பல்லிணைப்பும் வேண்டும்.

என்ஜின் தேர்விலும் இதே கணக்குதான். டூ-ஸ்ட்ரோக் என்ஜின் எடை குறைவு. புதைந்தால் தூக்குவது எளிது. ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின் கனமானது. ஆனால் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும். ஒவ்வொரு லிட்டர் எரிபொருளையும் மேலே சுமந்து செல்ல வேண்டிய இடத்தில் இச் சிக்கனம் அற்பமானதல்ல. கடுங்குளிரில் பேட்டரி வலுவிழக்கும் என்பதால், கயிற்றை இழுத்து இயக்கும் வசதியும் அவசியம்.

குல்மார்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவர்களுக்கு ஒரு வாகனம் மக்கர் செய்தால் ஒரு நாள் வருமானம் போகும். சியாச்சினில் போவது அதுவல்ல.

தில்லியின் பொறுப்பு

தேவைப்படும் தரத்தை ராணுவம் வரையறுக்கிறது. அந்தத் தரத்தை எட்டிய நிறுவனங்களில் குறைந்த விலை கோருபவரிடம் வாங்குவது அரசின் வழக்கமான நடைமுறை. எனவே தர வரையறையே அடிப்படை. "இத்தனை குதிரைத் திறன்' என்று மட்டும் கேட்டால், கடல்மட்டத்தில் அதை எட்டும் மலிவான வாகனம் வந்து சேரும். "18 ஆயிரம் அடியில், இத்தனை கிலோ சுமையுடன், இந்தச் சரிவில் ஏற வேண்டும்' என்று கேட்டு, அங்கேயே சோதித்துப் பார்த்தால்தான் உரிய வாகனம் கிடைக்கும்.

கொள்முதல் குறைபாடுகள் பழங்கதையாகிவிடவில்லை. உயரமான பகுதிகளில் பணியாற்றும் வீரர்களுக்கான காலணிகள், பனிக் கண்ணாடிகள் ஆகியவற்றில் நிலவிய பற்றாக்குறையையும் தாமதத்தையும் 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் தாக்கலான தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

இது தமிழகத்துக்குத் தொலைவான விஷயமும் அல்ல. 2016 பிப்ரவரியில் சியாச்சின் சோனம் நிலையில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்த 10 வீரர்களில் 4 பேர் தமிழர்கள். பனிச்சரிவை எந்த வாகனமும் தடுத்துவிடாது. ஆனால், அங்கு பணியாற்றுவோரின் அன்றாடச் சுமையைக் குறைக்க முடியும். மேலே செல்லும் வழியில் ஸ்கூட்டர் திணறி நின்றுவிட்டால், அதில் உள்ள சுமை வீரரின் தோளுக்குத்தான் மாறும்.