'ஒய்' தட்டுவதற்கு முன்

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எதுவானாலும் மென்பொருளை நீக்கித் தருவது ஆப்ட். டெர்மினலில் 'சூடோ ஆப்ட் ரிமூவ்' என்று தட்டி, பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் கேட்டதை மட்டும் அது நீக்குவதில்லை. அதை நம்பி ஓடும் மற்றவற்றையும் சேர்த்தே நீக்கும். 'நான்தான் பைத்தானில் எழுதுவதில்லையே' என்று உபுண்டுவில் பைத்தான் 3-ஐ எடுக்கப் போனால், டெஸ்க்டாப்பின் பெரும்பகுதியும் கூடவே கிளம்பிவிடும்.

நீக்குமுன் ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி, 'ஒய்'யா 'என்'னா என்று கேட்கும். பாதுகாப்பு முழுவதும் அந்தப் பட்டியலைப் படிப்பதில்தான் இருக்கிறது. 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப் போனார். பேக்கேஜ்களில் இருந்த ஒரு கோளாறால், டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக ஆப்ட் எச்சரித்தது. 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்று முழு வாக்கியமாகத் தட்டினால்தான் தொடர்வேன் என்றது. அவரும் தட்டினார். டெஸ்க்டாப் போய்விட்டது. இத்தனைக்கும் அவர் நிறுவ வந்தவர், நீக்க வந்தவர் அல்ல! பிறகு ஆப்ட்டையே திருத்தி, இன்றியமையாதவை என்று குறித்த பேக்கேஜ்களை அவ்வளவு சுலபமாக நீக்க முடியாதபடி செய்தார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டிய எல்லாவற்றிலும் அந்தக் குறி இருக்காது.

சந்தேகமாக இருந்தால் கட்டளையில் ஹைஃபன் போட்டு 'எஸ்' சேருங்கள். எதையும் தொடாமல், என்னென்ன போகும் என்று மட்டும் சொல்லும். ஹைஃபன் 'ஒய்' இதற்கு நேரெதிர், கேள்வியே கேட்காது. நீக்கும் கட்டளையில் அதைச் சேர்ப்பதற்கு வீட்டுக் கணினியில் எந்த நியாயமும் இல்லை.

'ஆட்டோரிமூவ்' பொதுவாக நம்பகமானது. நீங்கள் கேட்டு நிறுவியது எது, இன்னொன்றுக்குத் துணையாக வந்தது எது என்று ஆப்ட் குறித்து வைத்திருக்கும். துணையாக வந்தது இனி யாருக்கும் தேவையில்லை என்றால் நீக்கச் சொல்லும். துணையாக வந்த ஒன்றை நீங்களே பழகிப் பயன்படுத்துவது மட்டும் அதற்குத் தெரியாது. அப்படி ஒன்று பட்டியலில் கண்ணில் பட்டால் 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று தட்டிப் பெயரைக் கொடுங்கள். பிறகு ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. பழைய கர்னல்களையும் ஆட்டோரிமூவிடமே விடலாம். இப்போது ஓடுவதையும் புதியதையும் விட்டுவைக்கும். பூட் கோப்புறைக்குள் போய்க் கர்னல் கோப்புகளைக் கையால் அழிப்பது வேண்டாத வேலை.

'ரிமூவ்' அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அவற்றையும் துடைக்கும். ஹோம் கோப்புறையில் உள்ள உங்கள் அமைப்புகளை இரண்டும் தொடாது. மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்களை மட்டும் யோசித்துப் பர்ஜ் செய்யுங்கள். தரவையும் அழிக்கட்டுமா என்று அது கேட்கக்கூடும். பழக்கதோஷத்தில் 'ஆம்' சொன்னால் தரவும் போய்விடும்.

ஏதாவது தவறிப் போனால், வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் ஆப்ட் என்று போனால் ஹிஸ்டரி கோப்பு இருக்கும். என்று எதை நீக்கினீர்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். பார்த்து மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். ஃபெடோராவில் ஆப்ட்டுக்குப் பதில் டிஎன்எஃப். அதில் இன்னும் வசதி: 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' என்றால் அதுவே திருப்பித் தர முயலும்.

இடம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால், முதலில் 'சூடோ ஆப்ட் கிளீன்' ஓட்டிப் பாருங்கள். பதிவிறக்கி நிறுவிய பிறகும் கிடக்கும் பேக்கேஜ் கோப்புகள்தான் அதில் போகும், நிறுவிய எந்த மென்பொருளும் போகாது.