காரணம் அறியப்படாத குழந்தைப்பேறின்மையும் உளவியல் காரணிகளும்

கருத்தடை முறை எதனையும் கையாளாமல் ஓராண்டுக் காலம் சீரான உடலுறவு கொண்டும் கருத்தரிப்பு நிகழாத நிலையை உலக சுகாதார நிறுவனம் குழந்தைப்பேறின்மை என வரையறுக்கிறது. கருமுட்டை வெளியேற்றம், கருக்குழாய், கருப்பை, விந்தணு குறித்த வழக்கமான பரிசோதனைகளில் குறை காணப்படாத இணையர் ‘காரணம் அறியப்படாதோர்’ என வகைப்படுத்தப்படுகின்றனர். பரிசோதனைகளின் எல்லையை மட்டுமே சுட்டும் இத்தொடர், நடைமுறையில் வேறு பொருள் பெறுகிறது. உடலில் குறையில்லையெனில் குறை மனத்தில்தான், அதிலும் பெண்ணின் மனத்தில்தான் என்ற முடிவு எளிதில் எட்டப்படுகிறது.

இம்முடிவு உறவினர் பேச்சில் மட்டும் உருவானதன்று. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உளப்பகுப்பாய்வாளர் சிலர், தாய்மை குறித்த ஆழ்மன அச்சமே கருத்தரிப்பைத் தடுக்கிறது என விளக்கினர். நோயறியும் முறைகள் வளர்ந்தபின் அவ்விளக்கம் செல்வாக்கிழந்தது.

மன அழுத்தம் இனப்பெருக்கத்தைப் பாதிப்பதற்கு உடலியல் வழி உண்டு என்பது உண்மையே. கடும் அழுத்தத்தில் ஹைப்போதலாமஸின் சுரப்பு குன்றிக் கருமுட்டை வெளியேற்றம் தடைபடலாம். ஆயின் அப்போது மாதவிடாய் ஒழுங்கு தவறும், காரணமும் அறியப்பட்டுவிடும். கருமுட்டை வெளியேற்றம் இயல்பாக உள்ள பெண்ணுக்கு இவ்விளக்கம் அப்படியே பொருந்தாது.

சான்றுகளும் ஒருமுகமாக இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ், மிச்சிகன் மாநில இணையரிடையே லிஞ்ச் குழுவினர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், உமிழ்நீரில் ஆல்ஃபா அமைலேஸ் மிகுந்திருந்த பெண்களின் கருத்தரிப்பு வாய்ப்பு 29 விழுக்காடு குறைந்திருந்தது. மற்றோர் அழுத்தக் குறியீடான கார்ட்டிசாலோ அத்தகைய தொடர்பைக் காட்டவில்லை. 14 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,583 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2011இல் பொய்வின் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வு, சிகிச்சைக்கு முந்தைய உளத்துயருக்கும் செயற்கைக் கருத்தரிப்பின் வெற்றி தோல்விக்கும் தொடர்பில்லை எனக் கண்டது. ‘கவலையை விட்டால் கரு தங்கும்’ என்னும் அறிவுரைக்கு இதில் ஆதரவில்லை.

எதிர்த்திசையிலான சான்றே வலுவானது. குழந்தைப்பேறின்மைக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் உளத்துயர், புற்றுநோய், இதயநோய் உடையோரின் துயருக்கு ஒப்பானது என்பதை 1993இல் டோமர் குழுவினர் காட்டினர். காரணம் அறியப்படாதோர்க்கு இத்துயர் வேறொரு வடிவமும் கொள்கிறது. குணப்படுத்த ஒரு குறையும் இல்லை. நம்பிக்கையைக் கைவிடவும் காரணமில்லை. மாதந்தோறும் எதிர்பார்ப்பும் இழப்பும் திரும்ப வருகின்றன. உடலுறவு நாட்காட்டிக் கடமையாகிறது. தமிழில் ‘மலடி’ என்னும் வசை வழங்கும் அளவிற்கு ‘மலடன்’ வழங்குவதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. ஆணின் துயர் பேசப்படாமலும், பெண்ணின் துயர் குற்றச்சாட்டாக மாற்றப்பட்டும் நிற்கின்றன.

எனவே உளவியல் ஆலோசனையைக் கருத்தரிக்கச் செய்யும் மருந்தாகப் பரிந்துரைப்பது பொருந்தாது. தோல்வியுற்றால் அப்பழியும் பெண்ணையே சேரும். சிகிச்சையை இடையில் கைவிடுவோர் கூறும் முதன்மைக் காரணங்களுள் உளச்சுமையும் ஒன்று; ஆலோசனையின் தேவை இங்குதான் உள்ளது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், மருத்துவமனைகள் இணையர்க்கு ஆலோசனை வழங்க வேண்டும் என்கிறது. அங்குக் குறிப்பிடப்படுவன சிகிச்சையின் விளைவுகள், வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு முதலியன. தோல்வியுற்ற சுழற்சிக்குப் பின் கணவனும் மனைவியும் தம் இழப்பைப் பேசுவதற்கான இடம் அப்பட்டியலில் தனித்துக் குறிக்கப்படவில்லை.