சாமி கும்பிடாதவள் கட்டும் குங்குமம்



முதலாளி கோபக்காரராக இருந்தால் எப்படிச் சமாளிப்பது, கஞ்சராக இருந்தால் எப்படிச் சமாளிப்பது என்று வேலைக்குப் போகும் பெண்கள் நிறையவே எழுதுகிறார்கள். முதலாளி பழுத்த பக்தை, வேலைக்குப் போகிறவளோ கடவுள் நம்பிக்கையே இல்லாதவள் என்றால் என்ன செய்வது? அப்படிப்பட்டவள்தான் நான். என் அனுபவம் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வயது முப்பத்தாறு. கணவர் லாரி செட்டில் கணக்கு எழுதுகிறார். ஒரே மகள். என் அப்பா தி.க.காரர். வீட்டுக்கு 'விடுதலை' பேப்பர்தான் வரும். அப்பா, அம்மா கல்யாணம் ஐயர் இல்லாமல் மாலை மாற்றித்தான் நடந்தது. எனக்கும் அப்படியே. இந்த மாதிரிக் கல்யாணம் சட்டப்படி செல்லும் என்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ல் சட்டசபையில் சட்டம் கொண்டு வந்தார்கள். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் 2019-ல் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஈரோட்டில் மஞ்சளுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் அரைத்துப் பாக்கெட் போடும் இடம் இருக்கிறது. ஒரு பக்கம் சமையலுக்கு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள். இன்னொரு பக்கம் பூஜைக்கு மஞ்சளும் குங்குமமும். பதினாலு பெண்கள் வேலை செய்கிறோம். காலை போனால் மகள் வருவதற்குள் வீடு வந்துவிடலாம்.

முதலாளியம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். விடியற்காலை நாலு மணிக்குக் குளித்து விளக்கேற்றாமல் காப்பித் தண்ணி கூடக் குடிக்க மாட்டார். நல்ல மனசு. எங்களில் ரெண்டு பேர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டுகிறார். எல்லாரையும் 'ஏஞ்சாமி' என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிஷம் விளக்கு பூஜை. எல்லாரும் வரிசையாக நின்று கும்பிட வேண்டும்.

முதல் வாரம் ஓரமாக நின்றேன். கை கூப்பவில்லை. ரெண்டாவது வாரம் அம்மா கவனித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, நீங்க வேதக்காரங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. எங்க ஊட்ல சாமி கும்படற பழக்கமே இல்லீங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேற சாமின்னாக்கூட எனக்குப் புரியும் கண்ணு. சாமியே இல்லீன்னா, தப்புப் பண்ண எதுக்குப் பயப்படுவே? உன்னைய நம்பி எப்படி சரக்கு ரூம்புச் சாவி குடுக்கறது?" என்றார்.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஆனால் அவர் குத்திக் காட்டவில்லை. மனசில் பட்டதைத்தான் கேட்டார். "நான் கட்டற பாக்கெட்டை எடை போட்டுப் பாருங்கம்மா. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். நிஜமாகவே ஒரு மாசம் எடை போட்டுப் பார்த்தார்! நூறு கிராம் என்றால் நூறு கிராம் இருந்தது. அடுத்த தீபாவளிக்கு முன்பே சரக்கு ரூம் சாவி என் கைக்கு வந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "பெரியாரே இந்த ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்தவர்தான். சாமியை நம்பாதவர் கோயில் நிர்வாகத்தை ஒழுங்காகப் பார்க்கலை?" என்றார். நம்பிக்கை வேறு, நாணயம் வேறு என்று எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை பூஜை நேரத்தில் நான் தராசு துடைத்து, எடைக்கற்களை எடுத்து வைப்பேன் என்று முடிவானது. ஆயுத பூஜைக்கு அரவை மிஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவது என் பொறுப்பு. சந்தனம், குங்குமம் வைப்பது மற்றவர்கள் பொறுப்பு. பொரி, கடலை தின்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுதான்! பூஜை ரூம் பக்கம் போனால் செருப்பைக் கழற்றுவேன். யார் சாமியையும் கேலி பேச மாட்டேன். ஆனால் பொய்யாகக் கை கூப்பவும் மாட்டேன். அது அவர்கள் பக்தியையே கேலி செய்வதுபோல் ஆகும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது சரியென்று பட்டிருக்க வேண்டும். மறுபடி வற்புறுத்தவில்லை.

சிக்கல் வந்தது வேறொரு விஷயத்தில்தான். குங்குமம் என்பது மஞ்சளோடு படிகாரம், வெங்காரம், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துச் செய்வது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற நம் எல்லாருக்கும் தெரியும்தானே, அந்த மாதிரிதான் இதுவும். ஆனால் அது கோயிலுக்கும் பூஜைக்கும் போகிற சரக்கு. அதனால் 'அந்த மூன்று நாள்' யாரும் வேலைக்கே வரக்கூடாது என்று அம்மா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வராத நாளுக்குக் கூலி இல்லை.

மூன்று நாள் கூலி என்றால் எங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். அதில் டியூஷன் பணமும் பால் பாக்கியும் அடைத்துவிடலாம். பாதிப் பேர் மறைத்துவிட்டு வேலைக்கு வந்தார்கள். பயந்து பயந்து வேலை பார்ப்பார்கள். இத்தனைக்கும் அவர்கள் எல்லாரும் சாமி கும்பிடுகிறவர்கள். ஒரு அக்கா, "தெரிஞ்சே தீட்டோட குங்குமம் தொட்டேன், அதனாலதான் பையனுக்குக் காய்ச்சல்" என்று அழுததை என்னால் தாங்க முடியவில்லை.

என்னைப் பொறுத்தவரை மாதவிலக்கு உடம்பின் இயற்கை. அதில் தீட்டும் இல்லை, பாவமும் இல்லை. ஆனால் அதை அம்மாவிடம் வாதம் செய்தால் வேலைதான் போகும். மற்றவர்களுக்கும் பிரயோஜனம் இல்லை. ரெண்டு நாள் யோசித்தேன். பிறகு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"அம்மா, உங்க நம்பிக்கை உங்களுக்குங்க. அதை மாத்தச் சொல்லலீங்க. ஆனா அந்த மூணு நாளும் நாங்க சாப்பிடறதை நிறுத்தறதில்லீங்களே. குங்கும ரூம்புக்குள்ள வராம, மொளகா, மல்லிப் பக்கம் வேலை குடுங்க. அதே கூலி குடுங்க. மறைக்க வேண்டிய அவசியம் இருக்காது. உங்க குங்குமமும் நீங்க நினைக்கறபடி சுத்தமா இருக்கும்."

அம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. 'சாமி இல்லாதவள் சொல்லி நான் கேட்கிறதா' என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்த வாரம் கூப்பிட்டு, "செரி சாமி, அப்படியே பண்ணுங்க" என்றார்.

நாலு மாதம் கழித்து அரவை மிஷின் நின்றுவிட்டது. 'எல்லாம் அந்தத் தீட்டாலதான், சாமியில்லாதவ பேச்சைக் கேட்டதாலதான்' என்று ஒருத்தர் கிளப்பிவிட்டார். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. மெக்கானிக் வந்து பார்த்துப் பேரிங் தேய்ந்துவிட்டது என்றார். அம்மா பேரிங்கையும் மாற்றினார், கோயிலில் ஒரு அர்ச்சனையும் செய்தார். ஆனால் எங்கள் ஏற்பாட்டை மாற்றவில்லை. அதுதான் எனக்கு முக்கியம்.

என் அப்பாவுக்குத்தான் கோபம். "அப்படின்னா நீயே தீட்டை ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சே" என்றார். "அப்பா, வைக்கத்தில் 1924-ல் பெரியார் ஜெயிலுக்குப் போனது எதுக்கு? கோயிலைச் சுத்தியிருக்கிற தெருவில் எல்லா ஜாதிக்காரங்களும் நடக்கணும்னு. அப்போ கோயிலுக்குள்ளேயே விட்டுட்டாங்களா? தெருவில்தானே தொடங்கினாங்க? பதினாலு பேர் கூலி முதல்ல, வாதம் அப்புறம்" என்றேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் குங்கும ரூம் கதவைப் பார்க்கும்போது இன்னமும் உறுத்தத்தான் செய்கிறது. என் மகளுக்கும் வயது வருகிறது. நாளைக்கு அவள் கேட்டால், இதையெல்லாம் மறைக்காமல் சொல்வேன்.

சகோதரிகளே, நமது அரசியல் சட்டம் 25-வது பிரிவில் மனசாட்சிச் சுதந்திரத்தையும் மத சுதந்திரத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. கும்பிடவும் உரிமை உண்டு, கும்பிடாமல் இருக்கவும் உரிமை உண்டு. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்ணால் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதலாளி முன்னால் நிற்க முடியாது. வேலையில் நாணயமாக இருந்துகொண்டு, நம் மனசில் இருப்பதை மரியாதையாக, தெளிவாகச் சொல்ல முடியும். நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம். கூலி எல்லாருக்கும் பொது. முதல் விஷயத்துக்காக ரெண்டாவதைப் பிடுங்கக் கூடாது. பக்தியுள்ள முதலாளிகளுக்கும் என்னுடைய வேண்டுகோள் இது ஒன்றுதான்.

உங்கள் வேலை இடத்திலும் 'அந்த மூன்று நாள்' கூலி பிடிக்கிறார்களா? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள் தோழிகளே.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.