கடல் பிரித்தும் சொல் பிரியா மொழிகள் : பொலினீசிய வேர்ச்சொற்கள் ஓர் அறிமுகம்

1769ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் ‘எண்டவர்’ கப்பல் நியூசிலாந்தின் கிழக்குக் கரையை அடைந்தது. கரையில் நின்ற மாவோரி மக்களோடு ஆங்கிலேயரால் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. அக்கப்பலில் தாஹித்தித் தீவிலிருந்து உடன் வந்த துபாயா என்னும் அறிஞர் இருந்தார். ரையாத்தேயா தீவினர், பூசகர், விண்மீன் கண்டு கலம் செலுத்துவதில் வல்லவர். அவர் தம் தாய்மொழியிலேயே மாவோரியரை விளித்துப் பேசினார். அவர்கள் அதனை விளங்கிக்கொண்டு மறுமொழி கூறினர். தாஹித்திக்கும் நியூசிலாந்துக்கும் இடையே ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர் கடல் கிடக்கின்றது. பல நூற்றாண்டுகளாக அவ்விரு மக்களுக்கும் போக்குவரத்தும் இருந்ததில்லை. எனினும் சொற்கள் ஒத்திருந்தன.

ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூயி ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட பெரும் முக்கோணத்துள் பொலினீசியத் தீவுகளிற் பெரும்பாலன அடங்கும். படித்தறியத்தக்க கல்வெட்டோ சுவடியோ இல்லாத மக்களின் பழவரலாற்றை எவ்வாறு அறிவது? அகழாய்வு ஒரு வழி. மற்றொரு வழி, அவர்தம் வாய்ச்சொற்களையே சான்றுகளாக நிறுத்தி வினவுவது. அவ்வழியைச் சிறிது நடந்து பார்ப்போம்.

முதற்கண் ஒலிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. கீழே வரும் சொற்களில் வல்லெழுத்தை எவ்விடத்தும் அழுத்தியே ஒலித்தல் வேண்டும். மேற்கோள் குறிக்குள் வரும் மேற்புள்ளி (') குரல்வளையைச் சட்டென அடைத்துத் திறக்கும் ஒலியைக் குறிக்கும். அது இம்மொழிகளில் ஒரு முழு மெய்யெழுத்து. நம் நெடுங்கணக்கில் பெரும்பாலும் வேலையின்றி இருக்கும் ஙகர வரிசைக்கு இங்கு நல்ல வேலை உண்டு என்பது தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இம்மொழிச் சொற்கள் யாவும் உயிரீறே. மெய்ம்மயக்கம் அறவே இல்லை.

‘வீடு’ என்பதற்குத் தொங்கா, சமோவா ஆகிய தீவுகளில் “ஃபலெ” என்பர். மாவோரி, தாஹித்தி மொழிகளில் “ஃபரெ”, ஹவாயில் “ஹலெ”, ராப்பா நூயியில் “ஹரெ”. ‘மீன்’ தொங்காவிலும் மாவோரியிலும் “இக”. சமோவா, ஹவாய், தாஹித்தி மூன்றிலும் “இ'அ”. ‘ஓடம்’ முன்னவற்றில் “வக”, சமோவாவிலும் ஹவாயிலும் “வ'அ”. ‘வானம்’ தொங்காவில் “லஙி”, மாவோரியில் “ரஙி”, ஹவாயில் “லனி”, தாஹித்தியில் “ர'இ”. ‘மனிதன்’ மாவோரியில் “தஙத”, ஹவாயில் “கனக”, தாஹித்தியில் “த'அத”.

இவற்றை ஊன்றி நோக்கின், ஒப்புமையைவிட வேற்றுமையே வியப்பளிக்கும். மாவோரியில் ககரம் வருமிடமெல்லாம் சமோவாவில் குரல்வளை ஒலி வருகின்றது. மாவோரியின் ஙகரம் ஹவாயில் னகரமாகவும், தாஹித்தியில் குரல்வளை ஒலியாகவும் நிற்கின்றது. மாறுபாடு ஒழுங்கானது, சொல்லுக்குச் சொல் மாறாதது. தமிழில் பால், பத்து, புலி என்பன கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹுலி என வருவதை நம் மாணவர் அறிவர். உறவுக்குச் சான்று சொற்கள் ஒலியால் ஒன்றுபோல் இருப்பதன்று. அவை ஒரே நெறியில் வேறுபடுவதே.

இதனை மறந்தோர் வழிதவறியதுண்டு. எட்வர்டு டிரிகியர் என்பார் 1885இல் மாவோரியரை ஆரியர் என்று நிறுவ ஒரு நூலே எழுதினார். ஆவைக் கண்டிராத மாவோரியரின் சொற்களுக்குள் ஆவின் நினைவு மறைந்து கிடப்பதாகவும் அதில் வாதிட்டார். வெறும் ஒலியொப்புமையை நம்பியதன் விளைவு அது. அதே டிரிகியர் 1891இல் மாவோரி-பொலினீசிய ஒப்பியல் அகராதி ஒன்றை வெளியிட்டார். அதுவே அவர் பெயரை நிலைநிறுத்திய பணி. கண்ணைக் குறிக்கும் இன்றைய கிரேக்கச் சொல் “மாதி”. பொலினீசியச் சொல் “மத”. இரண்டும் எவ்வளவு நெருக்கம்! ஆனால் கிரேக்கச் சொல்லின் பழைய வடிவத்தைத் தேடிச் சென்றால் அந்நெருக்கம் கலைந்துவிடும். அது தற்செயல்.

மலாய் மொழியொடு உள்ள ஒப்புமை அத்தகையதன்று. நம் கடற்கரை ஊர்களிலிருந்து மலேயாவுக்குச் சென்று வாணிகம் நடத்தித் திரும்பிய பெரியவர்கள் இக்கட்டுரையின் தொடக்கத்திலேயே இதனை உணர்ந்திருப்பர். மலாயில் மீன் “இகான்”, வானம் “லாஙித்”, கண் “மாதா”, வழி “ஜாலான்”. பொலினீசியத்தில் முறையே “இக”, “லஙி”, “மத”, தொங்காவின் “ஹல”. ஈற்று மெய் கெடுவது இங்கு நெறி. ஐந்து என்பதற்கு மலாயில் “லிமா”. சமோவாவில் “லிம” என்பது ஐந்தையும் கையையும் குறிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கீழைமொழிப் பேராசிரியர் ஆதிரியான் ரேலந்து, மாலுமிகள் எழுதிக் கொணர்ந்த சொற்பட்டியலைக் கொண்டு இவ்வுறவைக் கண்டு கூறினார். மலாயில் “காப்பால்”, “கெடை” என்னும் சொற்களும் உண்டு. அவை நம் கப்பலும் கடையும் அன்றி வேறல்ல. இவை வணிகர் வழிச் சென்ற கடன்சொற்கள். “லிமா”வோ பிறப்புவழி வந்தது. கடனையும் பிறப்புரிமையையும் பிரித்தறிதலே ஒப்பியலாரின் முதற்கடமை.

ஈண்டு ஒரு சிறு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வில்லியம் கொலன்சோ என்னும் சமயப் பணியாளர் நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது பாத்திரமன்று, உடைந்த கப்பல் மணி. முகையதீன் பக்சின் கப்பல் மணி எனப் பொருள்படும் தமிழெழுத்துகள் அதில் பொறிக்கப்பெற்றிருந்தன. அது இன்று வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. தமிழ் முஸ்லிம் கடலோடிகளின் மரபை நினைப்போர்க்கு நெஞ்சு நிறையும் செய்திதான். ஆயினும் அதனைக் கொண்டு மாவோரிக்கும் தமிழுக்கும் உறவு கற்பித்தல் ஆகாது. பொருள் கைமாறிச் செல்லும், அலையிலும் ஒதுங்கும்.

இனி, மறைந்த மூலமொழியை மீட்டமைக்கும் முறையைக் காண்போம். ‘இரண்டு’ சமோவாவிலும் ஹவாயிலும் “லுஅ”, மாவோரியில் “ருஅ”, தொங்காவில் “உஅ”. ‘வீடு’ என்பதிலோ தொங்காவினர் லகரத்தை விடாது “ஃபலெ” என்கின்றனர். சமோவாவில் இரண்டிடத்தும் லகரம், மாவோரியில் இரண்டிடத்தும் ரகரம் இருக்க, தொங்கா மட்டும் ஓரிடத்தில் வைத்து ஓரிடத்தில் விட்டதேன்? சொன்முதலில் கெட்டது எனலாமோ எனின், ஆகாது. “லஙி” என்பதில் சொன்முதல் லகரம் நிலைத்துள்ளது. எனவே மூலமொழியில் லகரமும் ரகரமும் இருவேறு ஒலிகளாய் இருந்திருத்தல் வேண்டும். தொங்கா ரகரத்தை இழந்தது. ஏனையவை இரண்டையும் ஒன்றாக்கின. இவ்வாறு மீட்கப்பட்டவையே *ஃபலெ, *ருஅ என்பன. மீட்டுருவாக்கம் என்பதை உணர்த்தவே முன்னால் விண்மீன் குறி இடுவர்.

தொங்காவின் ஹகரம் இதற்கு மறுதலை. திங்கள் அங்கே “மாஹின”, சமோவாவில் “மாஸின”. வழி அங்கே “ஹல”, சமோவாவில் “அல”. தொங்காவில் ஒன்றாய் மயங்கிய ஸகரமும் ஹகரமும் சமோவாவில் பிரிந்து தெரிகின்றன. ஒருவர் தொலைத்ததை மற்றவர் வைத்திருக்கின்றனர். இவ்வழியில் மூலப் பொலினீசியத்துக்கு ஐந்து உயிர்களும் பதின்மூன்று மெய்களும் இருந்தன என்று அறிஞர் வரையறுத்துள்ளனர். ஹவாய் மொழியில் இன்று எஞ்சியிருப்பவை எட்டு மெய்களே.

மாற்றங்களின் முன்பின் முறையையும் சொற்களே காட்டும். ஹவாயில் “மத” என்பது “மக” ஆயிற்று; “இக” என்பது “இ'அ” ஆயிற்று. தகரம் ககரமானது முதலில் நிகழ்ந்திருப்பின், புதிய ககரமும் பழைய ககரத்தோடு சேர்ந்து குரல்வளை ஒலியாகியிருக்கும். கண் “ம'அ” என்றாகியிருக்கும். அவ்வாறாகவில்லை. ஆகவே பழைய ககரம் இடம்பெயர்ந்த பின்னரே தகரம் அவ்விடத்தில் குடியேறியது. 1826இல் ஹவாய் எழுத்துமுறையை வகுத்த சமயப் பணியாளர்கள் தகரமா ககரமா என்று வாக்களித்தே முடிவு செய்தனர். அதற்கு முந்திய ஐரோப்பியர் குறிப்புகளில் பேரரசர் கமேஹமேஹாவின் பெயர் தகரத்தில் தொடங்குவதைக் காணலாம். சமோவாவில் இதே மாற்றம் இன்றும் நம் காதில் விழும்: வழிபாட்டிலும் பள்ளியிலும் தகரம், வீட்டுப் பேச்சில் ககரம். இருவகை வழக்கு நமக்குப் புதிதன்று.

மீட்ட சொற்கள் மக்களின் வாழ்வையும் காட்டுகின்றன. ஓடம், துடுப்பு, பாய், ஓடத்தின் பக்கமிதவை ஆகியவற்றுக்கெல்லாம் மூலச்சொற்கள் கிடைக்கின்றன. பனிக்கட்டிக்குக் கிடைக்கவில்லை. உறைபனியைக் கண்ட மாவோரியர் அதனை நுரையின் பெயரால் “ஹுக” என்றனர்; மலையுச்சிப் பனியைக் கண்ட ஹவாயினர் இரவில் விழும் பனித்துளியின் பெயரால் “ஹவு” என்றனர். மூதாதையர் நாட்டில் அப்பொருள் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? “நியு” என்பது தென்னை. தென்னை வளராத நியூசிலாந்தில் அச்சொல் குறி பார்க்கும் குச்சிகளுக்குப் பெயராய்த் தங்கியது. கோழியைக் குறித்த “மொஅ” அங்கே மாபெரும் பறவையினத்தின் பெயராயிற்று. அப்பறவையும் இன்று இல்லை. முன்னோர் நாட்டின் பெயரும் உடன் பயணம் செய்தது. சமோவாவில் “ஸவாய்'இ” ஒரு தீவு; ஹவாயில் “ஹவாய்'இ”; மாவோரியரின் மரபுத் தாயகம் “ஹவாய்கி”. ஸகரம் ஹகரமாகும், ககரம் குரல்வளை ஒலியாகும். நாம் முன்பு கண்ட நெறிகளே ஊர்ப்பெயரிலும் ஆள்கின்றன.

நெறிகள் பொருந்தினும் ஏமாற இடமுண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவோரியில் “கூமர”, தொங்காவில் “குமல”, சமோவாவில் “'உமல”. நெறிப்படி மூலச்சொல் போலவே தோன்றும். ஆனால் அக்கொடி தென்னமெரிக்காவுக்குரியது. அந்நாட்டுக் கெச்சுவ மொழியின் சில வழக்குகளில் இதனையொத்த சொல் பதிவாகியுள்ளது. செடிநூல் அறியாது சொல்நூல் மட்டும் அறிந்தவர் இங்கே தவறுவர். தாஹித்தியில் வேறொரு சிக்கல். மன்னர் பெயரிலுள்ள சொல்லை மக்கள் வழங்கலாகாது என்பது அங்கு மரபு. போமாரே என்னும் பெயரில் இரவைக் குறிக்கும் “போ” இருந்தமையால், இரவுக்கு “ரு'இ” என்பது வழக்காயிற்று. ஐந்து என்பதும் “பஎ” என மாறியது. கையைக் குறிக்கும் “ரிம” மட்டும் பிழைத்தது.

இத்துறைக்கு நிலையான கருவூலம் அமைத்தவர் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பிக்சு. 1965இல் அவர் தொடங்கிய ‘பொல்லெக்ஸ்’ என்னும் ஒப்பியல் அகராதி அவர் மறைவுக்குப் பின்னும் வளர்ந்து வருகின்றது.

இறுதியாக ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். விண்மீன் சமோவாவில் “ஃபெதூ”, மாவோரியில் “ஃபெதூ”, தொங்காவில் “ஃபெது'உ”. தொங்காவில் ஒலிக்கும் இக்குரல்வளை ஒலி ககரத்தினின்று வந்ததன்று, மூலமொழிக்கே உரியது. அதனை இழந்த மொழிகளில் இரு உகரமும் கூடி ஊகாரமாயின. மாவோரி, ஹவாய், தாஹித்தி ஆகிய கீழைக் கிளை மொழிகள் அனைத்தும் அவ்வொலியை இழந்தவை. எனவே கீழைக் கிளையின் தாய்மொழியிலேயே அது அழிந்துவிட்டது என்று எவரும் முடிவு கட்டியிருப்பர். ஆனால் தொங்காவுக்குக் கிழக்கே ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அதே கீழைக் கிளையைச் சேர்ந்த ராப்பா நூயியில் விண்மீனை “ஹெது'உ” என்கின்றனர். ஆக, கிளை பிரிந்த பின்னும் அவ்வொலி உயிரோடிருந்தது. இழப்பு ஒருமுறை நிகழ்ந்ததன்று, தனித்தனியே பன்முறை நிகழ்ந்தது.

இச்சான்று நமக்குக் கிட்டியது மயிரிழையில்தான். 1862, 1863ஆம் ஆண்டுகளில் பெருநாட்டிலிருந்து வந்த அடிமை வணிகர் அத்தீவினர் ஏறத்தாழ 1,500 பேரைக் கவர்ந்து சென்றனர்; அவர்களுள் கற்றறிந்தோரும் தலைவரும் இருந்தனர். திரும்பி வந்த மிகச் சிலரோடு அம்மை நோயும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியிருந்த மக்கள் 111 பேர். “ஹெது'உ” என்னும் சொல் அந்த 111 பேர் வாயிலிருந்து வந்ததே. இன்று அத்தீவு சிலி நாட்டின் ஆட்சியில் உள்ளது. அங்குள்ள குழந்தைகள் பலர் ஸ்பானிய மொழியையே முதன்மொழியாகப் பேசி வளர்கின்றனர்.