மூக்கு அமைத்தவர் யார்?

'பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்' என்ற பேச்சைப் புலம்பெயர்ந்த எம்மவர் கூட்டங்களில் பலதடவை கேட்டிருக்கிறேன். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த 'நாம்' யார் என்று கேட்பதற்கு முன், தோலைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். (விரிவுரையாளர் காலத்துப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தோலில் விழுந்த பள்ளத்தை மூடப் பிரதானமாக இரண்டு வழிகள். ஒன்று ஒட்டு: தொடையிலிருந்தோ காதின் பின்புறமிருந்தோ தோலை முற்றாக வெட்டியெடுத்துப் புண்ணின்மேல் பொருத்துவது. வெட்டிய கணமே அதற்கு இரத்தம் இல்லை. முதல் ஓரிரு நாட்கள் புண்ணில் கசியும் நீரை உறிஞ்சியே உயிர் தாங்கும். அதற்குள் கீழிருந்து நுண்குழாய்கள் வந்து சேரத் தொடங்கவேண்டும். மேலுறை இழந்த எலும்பிலோ குருத்தெலும்பிலோ அது பிடிக்காது. மற்றது மடல்: பக்கத்துத் தோலை ஒரு முனை அறாமல் உரித்துத் திருப்பி வைப்பது. அறாத அந்தக் காம்பு வழியே அது தன் இரத்தத்தைத் தானே கொண்டுவரும்.

எமது தொழிற்சாலையில் என்னருகே வேலை செய்யும் ஒருவருக்கு மூக்கு நுனியில் ஆறாத சிறு புண். அடித்தளக் கலப் புற்றுநோய் என்றார்கள். அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் மோஸ் 1930களில் தொடங்கிய முறையில் அகற்றினார்கள்: மெல்லிய படையாக வெட்டி, அதன் அடியையும் ஓரத்தையும் முழுவதுமாக நுணுக்குக்காட்டியில் பார்த்து, புற்று எஞ்சிய இடத்தில் மட்டும் மீண்டும் வெட்டுவது. நல்ல தோல் வீணாகாது. எனினும் குருத்தெலும்பு வெளியே தெரிந்தது. ஆகவே நெற்றி மடல். புருவத்திலிருந்து மூக்குவரை தும்பிக்கைபோல் இறங்கிய தோலோடு மூன்று வாரம் இருந்தார். பிறகு காம்பை அறுத்தார்கள். இப்போது உற்றுப் பார்த்தால்தான் தழும்பு தெரியும்.

இதே சிகிச்சையை 1794 ஒக்டோபரில் இலண்டன் சஞ்சிகையான 'ஜென்டில்மன்ஸ் மகசின்' ஒரு கடிதமாக வெளியிட்டது. ஆங்கிலப் படையில் மாடு ஓட்டிய கவஸ்ஜி என்ற மராட்டியர், 1792 போரில் திப்புவிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். பூனாவுக்கு அருகே ஒருவர் மெழுகில் மூக்கு அச்சுச் செய்து, அதை நெற்றியில் தட்டையாக விரித்துக் கோடு கீறி, கண்களுக்கிடையே காம்பு விட்டுத் தோலை உரித்துத் திருப்பிப் பொருத்தினார். ஏறத்தாழ 25ஆம் நாள் காம்பை அறுத்தார். இரத்த ஓட்டத்துக்காகவே காம்பு விடப்பட்டது என்பதையும் கடிதம் தெளிவாகச் சொல்கிறது. ஜோசப் கார்ப்யூ இம்முறையை 1814இல் இலண்டனில் செய்து, 1816இல் நூலாக்கினார். ஐரோப்பா அதுவரை வெறுங்கையோடு இருந்ததென்றும் சொல்லமுடியாது. கைத் தோலால் மூக்கமைக்கும் முறையை இத்தாலியரான தாலியாகோட்சி 1597லேயே எழுதிவிட்டார்.

எம்மவர் உடனே சுஸ்ருதரைச் சொல்வார்கள். ஆனால் சுஸ்ருத சங்கிதை மூக்குக்கு எடுப்பது கன்னத் தோலை, நெற்றித் தோலை அல்ல. பூனாவில் அறுத்தவரோ செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்கிறது கடிதம். மண் குழைப்பவரையும் உடலைத் தொட்டு வேலை செய்பவரையும் தள்ளிவைத்த சமூகம், மேடையில் பெருமை பேசும்போது மட்டும் அவரை 'நாம்' ஆக்கிக்கொள்வது எந்த நியாயம்? அக்கடிதத்தில் நோயாளியின் பெயர் உண்டு. இத்தகைய சிகிச்சையை நேரில் பார்த்த இரண்டு ஆங்கில வைத்தியர்களின் பெயர்களும் உண்டு. அறுத்தவரின் பெயர் இல்லை. எமது கூட்டங்களிலும் அவரைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.