வைட்டமின் டி: குறை ஒன்று, வைத்தியம் வேறு வேறு

வருஷத்தில் பெரும்பகுதி வெயில் காயும் நம் நாட்டிலே வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளம் என்பது விந்தையாகத் தோன்றினாலும், கறுத்த சருமத்தில் அச்சத்து உற்பத்தியாவதற்கு அதிக நேர வெயில் வேண்டும் என்பதையும், உச்சி வெயிலைக் கூடியமட்டும் தவிர்த்தே நாம் வாழ்கிறோம் என்பதையும் நினைத்தால் வியப்புத் தீர்ந்துவிடும். ஆகையால் பரிசோதனைச் சீட்டில் 20 நானோகிராமுக்குக் குறைந்த எண்ணைக் கண்டவுடன், வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரங்களுக்கு 60,000 யூனிட் பொடியைப் பாலில் கலந்து சாப்பிடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சாமானியருக்குப் பெரும்பாலும் அது போதும். தைராய்டு, பாராதைராய்டு ரோகிகள் விஷயத்திலோ, கூடவே கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் அளந்து பாராமல் அந்த எண்ணை மட்டும் நம்பி மருந்து கொடுப்பது அபாயகரம்.

தைராய்டின் பின்புறம் பயறளவில் ஒட்டிக்கிடக்கும் நான்கு சுரப்பிகளே பாராதைராய்டுகள். லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில் ரிச்சர்ட் ஓவன் முதலில் கண்ட இவற்றை, மனித சரீரத்தில் 1880-இல் விவரித்தவர் ஸ்வீடனின் உப்சாலாவில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த மாணவரான ஐவார் சாண்ட்ஸ்ட்ரம். இவை சுரக்கும் ஹார்மோன், எலும்பிலிருந்து கால்சியத்தை இரத்தத்துக்குக் கொணர்வதோடு, நாம் உட்கொள்ளும் வைட்டமின் டி-யைச் சிறுநீரகத்தில் வீரியமுள்ள கால்சிட்ரியாலாக மாற்றவும் தூண்டுகிறது. சிகிச்சையின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டாவது காரியத்தில்தான் அடங்கியிருக்கிறது.

தைராய்டு முழுவதையும் அகற்றும்போது இச்சுரப்பிகளுக்குச் சேதம் நேர்ந்தால், ஓரிரு நாளில் உதட்டைச் சுற்றி மதமதப்பும் விரல்களில் இழுப்பும் தோன்றும். வைத்தியர் காதுக்கு முன்னால் விரலால் மெல்லத் தட்டினால் கன்னம் துடிக்கும். பொடியை எவ்வளவு கொடுத்தாலும் அதை வீரியப்படுத்தும் ஹார்மோன் இல்லாததால், இவர்களுக்குக் கால்சிட்ரியாலையே மைக்ரோகிராம் கணக்கில், கால்சியம் மாத்திரையுடன் கொடுக்கிறார்கள். வைட்டமின் டி குறைந்திருந்தால் அதையும் தனியே ஈடுசெய்வார்கள். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சுரப்பிகள் தேறிவிடும். தேறாதவர்களுக்கு இரத்தக் கால்சியத்தை இயல்பளவின் கீழ்க்கோடியில் நிறுத்துவதே விவேகம், ஏனெனில் சிறுநீரில் கால்சியம் கழியாமல் தடுக்கும் ஹார்மோன் இல்லாத நிலையில் அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தில் கல் உண்டாகும்.

இதற்கு நேர்மாறானது, பாராதைராய்டில் கட்டி தோன்றி ஹார்மோன் மிகுவது. கால்சியம் ஏற்கெனவே ஏறியிருக்க, வைட்டமின் டி-யும் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும் என்று அஞ்சி, குறை தெரிந்திருந்தும் அதை அப்படியே விட்டுவந்த காலம் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் ஓரளவே. குறை நீடித்தால் ஹார்மோன் இன்னும் மிகுந்து எலும்பு நலியும். கட்டியை அகற்றும் அறுவைக்குப் பின் வெறுமையான எலும்பு இரத்தத்திலுள்ள கால்சியத்தை வாரியிழுத்துக்கொண்டு ரோகியை வலிப்பில் ஆழ்த்தவும் கூடும். எனவே கால்சியத்தை அடிக்கடி அளந்துகொண்டு, பெரும் அளவுகளைத் தவிர்த்து, நாள்தோறும் வைட்டமின் டி-யைச் சிறிதளவாகக் கொடுத்துக் குறையை ஈடுசெய்வதே இன்றைய முறை.

வைட்டமின் டி குறைவினாலேயே பாராதைராய்டு ஹார்மோன் ஏறுவதும் உண்டு. அப்போது கால்சியம் இயல்பாகவோ தாழ்ந்தோ இருக்கும், சுரப்பியில் குற்றமிராது. ஆனால் மெய்யான கட்டி இருக்கும்போதும் கடுமையான குறைவு கால்சிய ஏற்றத்தை மறைத்துவிடக்கூடுமாதலால், குறையை நீக்கி மறுபடியும் சோதித்துப் பார்த்த பின்பே கத்தியைப் பற்றிப் பேசுவது உசிதம்.

தைராய்டு மந்தமானவர்களிலும் வைட்டமின் டி குறைந்தவர்கள் பலர். அதைக் கொடுத்தால் தைராய்டே குணமாகும் என்பதற்கு மட்டும் தக்க ஆதாரமில்லை. இவர்கள் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரையை விழுங்கும்போதே, மறந்துவிடுமே என்று, வைட்டமின் டி கலந்த கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் தைராக்ஸினைக் குடலில் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் செய்கிறது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறுகிறது, காரணம் புரியாமல் தைராக்ஸினின் அளவு கூட்டப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட்டால், கூட்ட வேண்டிய அவசியமே பெரும்பாலும் நேராது.