சீனத்தில் அயல்நாட்டு முதல்

பிற நாட்டில் முதலிட்டுத் தொழில் நடத்தக் கருதுவோர், ஆங்குத் தம் பொருளை வாங்குவோர் எத்துணையர் என்பதையே முதற்கண் எண்ணுவர். விலையாக வரும் பணம் எந்நாட்டு நாணயம், அது பிற நாடுகளிற் செல்லுமா என்பவற்றை எண்ணுவோர் மிகச் சிலர். சீனத்திற் புகுந்த அமெரிக்கக் குழுமம் ஒன்று இவ்வுண்மையை அரும்பாடுபட்டு உணர்ந்தது.

மா சே துங் ஆட்சியில் அயல்நாட்டு முதலுக்குச் சீனத்தின் கதவு பெரிதும் அடைபட்டுக் கிடந்தது. அவர் மறைந்தபின், 1979-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், அயலார் சீனருடன் கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்த இடமளித்தது. நூறு கோடி மக்கள் வாழும் நாடன்றோ! மேலைநாட்டு வணிகர் ஆவலுடன் விரைந்தனர். அமெரிக்கன் மோட்டார்ஸ் என்னும் குழுமமும் 1983-இல் உடன்படிக்கை செய்துகொண்டு, அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் 'பெய்ஜிங் ஜீப்' என்னும் கூட்டுத் தொழிலைத் தொடங்கிற்று. அதில் அமெரிக்கர் பங்கு மூன்றில் ஒன்றினும் சற்றுக் குறைவே.

முதற் பிணக்கு வண்டியின் அமைப்பைப் பற்றி எழுந்தது. சீனர் தம் படைக்கேற்ற புதியதொரு வண்டியை உருவாக்க விழைந்தனர். அதற்காகும் செலவு பெரிதெனக் கண்ட அமெரிக்கர், தம் நாட்டிற் செய்த உறுப்புகளைக் கொணர்ந்து, செரோக்கி என்னும் வண்டியாகப் பூட்டி விற்பதே தக்கதென்றனர். சீனர் கதவைத் திறந்தது தொழில்நுட்பம் பெறுதற்பொருட்டே. வெறும் பூட்டுவேலை அவர்க்கு நிறைவளிக்காமை வியப்பன்று.

இதனினும் பெரிய இடர் பின்னர் வந்தது. உறுப்புகளுக்கு டாலர் கொடுத்தல் வேண்டும். வண்டி வாங்கும் சீன நிறுவனங்கள் ஈட்டுவதோ யுவான். அக்காலத்தில் யுவான் சீனத்திற்கு வெளியே செல்லாது. டாலர் வேண்டுவோர்க்கு அரசே அளந்து கொடுக்கும். 1985-இல் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்புக் குறையவே, அரசு கையை இறுக்கிற்று. உறுப்பு வாங்க டாலர் இன்மையால் 1986-இன் தொடக்கத்தில் செரோக்கி வேலை நின்றது.

தொழிலை நடத்திவந்த அமெரிக்கத் தலைவர், சீனத் தலைமை அமைச்சர் சாவோ சியாங்குக்கே முறையிட்டு மடல் எழுதினார். செய்தி இதழ்களிற் பரவிற்று. பிற முதலீட்டாளரும் அஞ்சி விலகுவர் என உணர்ந்த அரசு, டாலர் கிடைக்க வழிசெய்தது. அவ்வாண்டு அக்டோபரில் அயல்நாட்டு முதலை ஊக்குவிக்கும் 22 விதிகளையும் வெளியிட்டது. எனினும் ஜீப் நிறுவனம் பெற்றது சட்டத்தால் வந்த உரிமையன்று. மேலிடத்தார் அளித்த சலுகையே. தலைமை அமைச்சர்வரை குரல் எட்டாத சிறு முதலீட்டாளர் யாரிடம் முறையிடுவர்?

1996 டிசம்பர் முதல் வாணிகத்திற்காக யுவானை மாற்றுதற்குத் தடையில்லை. முதலை நாட்டினுள் கொணரவும் வெளியே கொண்டுசெல்லவும் கட்டுப்பாடு இன்றும் உண்டு. கார்த் தொழிலில் அயலார் பங்கு பாதிக்கு மேற்படலாகாது என்றிருந்த விதி சிறிது சிறிதாகத் தளர்ந்தது. 2019-இல் டெஸ்லா நிறுவனம் ஷாங்காயில் கூட்டாளி எவருமின்றித் தானே தொழிற்சாலை நடத்தத் தொடங்கியது. 2022-இல் பயணியர் கார்களுக்கு அவ்விதி அறவே நீங்கியது. அதே ஆண்டில், ஜீப் வண்டிகளைச் சீனத்திற் செய்துவந்த பிற்காலக் கூட்டு நிறுவனம் ஒன்று விற்பனை குன்றி நொடித்தது. அதற்குள் சீனரே நல்ல வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கியிருந்தனர்.